எட்டாம் தொட்டியில் நாற்பத்து மூன்று

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே இல்லை. அண்ணி என்னிடம் கேட்டது நான்கு பக்கத்தில் ஒரு கையேடு. மீன் பண்ணை வைத்திருப்பவர்கள் டீ ஆறுவதற்குள் படித்து முடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றாள். அவள் மீன் நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தலைப்பை மட்டும் அவளே எழுதி வைத்திருந்தாள்: 'மீன்களின் நோயெதிர்ப்பு அணுக்களில் உள்ள ஏற்பிகளும் அவற்றின் மரபணு வேறுபாடுகளும்'. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அதோடு, யாரும் கேட்காமலே கதையும் எழுதுகிறவன். இந்த இரண்டும் சேர்ந்தால் கையேடு வந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுதிப் பாதியில் விட்டவை இவை:

நம் உடம்புக்குள் ஒரு படை இருக்கிறது. மீனின் உடம்புக்குள்ளும்—

மீனுக்கு நோய் வந்தால் யார் வைத்தியம்—

பூட்டு ஒன்று, சாவி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தச் சாவி—

பகல் ஒரு மணிக்கு, அதிகாரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நானும் அண்ணனும் எட்டாம் தொட்டியிலிருந்து—

நான்காவது வாக்கியம் கையேட்டுக்கு உரியது இல்லை. எங்கிருந்து வந்து விழுந்தது என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கழுவி வைத்த டம்ளரை இன்னொரு முறை கழுவினேன். ஜன்னலைத் திறந்து மூடிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அது தாளிலேயே இருந்தது. அடிக்கக் கை வரவில்லை. தொடரவும் தைரியம் வரவில்லை. (தொடர்ந்துவிட்டேன் என்பதைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே.)

2

முதலில் கையேட்டு வேலையை முடித்துவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

பூட்டு சாவி உதாரணத்தை அண்ணி ஒரே பார்வையில் தள்ளிவிட்டாள். "எல்லாரும் அதையேதான் எழுதறாங்க தம்பி. படிக்கிறவங்க ஒரு நல்ல சாவி கிடைச்சா போதும்னு நினைச்சுக்கறாங்க. ஒரு சாவி கதையே இல்ல இது."

அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். மீனின் ரத்தத்தில் காவலுக்குத் திரியும் அணுக்கள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் மிகச் சிறிய கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருவதைத் தொட்டுப் பார்த்து, இது நம் ஆளா, வெளியாளா என்று சொல்வது அந்தக் கைகளின் வேலை. அவைதான் ஏற்பிகள். ஒவ்வொரு கையும் எப்படி அமைய வேண்டும் என்பது மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து மீனுக்கு மீன் மாறும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு மீன்களில்கூட ஒன்றில் இருக்கும் சில கைகள் மற்றதில் இருக்காது. எண்ணிக்கையே வேறாக இருக்கும். அதனால் புதிதாக ஒரு கிருமி வந்தால், அதைத் தொட்டவுடன் அடையாளம் காணும் கை கூட்டத்தில் யாராவது ஒருவரிடம் இருக்க வாய்ப்புண்டு. எல்லா மீனும் ஒரே மாதிரி இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இவ்வளவுதான். இதை எழுதி அண்ணியிடம் காட்டியபோது அவள் 'யாராவது ஒருவரிடம்' என்பதை அடித்து 'ஏதாவது ஒன்றிடம்' என்று திருத்தினாள். மீனை ஆள் என்று எழுதக்கூடாதாம். இந்தக் கதையில் நான் எழுதியபடியே விட்டிருக்கிறேன்.

3

அண்ணனை எப்படி எழுதுவது என்பதில்தான் பத்து நாள் போயிற்று.

முதல் வரைவில் அவனைப் பேராசைக்காரன் ஆக்கினேன். கதைக்கு அது வசதி. மனைவி ஆராய்ச்சிக்காரி, கணவன் பண்ணைக்காரன், அவள் எச்சரிக்கிறாள், அவன் கேட்கவில்லை, அழிவு வருகிறது. படித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாத யாரோ ஒருவன் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

உண்மை இது. அண்ணன் திலேப்பியா மீன்குஞ்சு உற்பத்தி செய்கிறான். பன்னிரண்டு தொட்டிகள். பண்ணைக்கு முன்னால் வீடு. மாடி அறையில் நான். அவன் காலையில் தொட்டி தொட்டியாக நின்று, தண்ணீரின் மேல் மட்டத்தைப் பார்த்தே கீழே மீன் என்ன மனநிலையில் இருக்கிறது என்று சொல்வான். வேகமாக வளர்ந்த ஆறு தாய் மீன்களைத் தேர்ந்து, அவற்றின் வழியிலேயே பல தலைமுறை எடுத்தான். வலையைத் தூக்கினால் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். "அச்சடிச்ச மாதிரி இருக்கு பாரு" என்று என்னிடம் காட்டுவான். அச்சகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று அவன் நினைப்பு.

அண்ணி அந்த வார்த்தைக்குத்தான் பயந்தாள். கல்யாணத்துக்கு முன்பே பயந்தாள். அவள் முதன்முதலில் பண்ணைக்கு வந்ததே ரத்த மாதிரி எடுக்கத்தான். மீனுக்கு ஒன்றும் இல்லை, வேண்டுமானால் எனக்கு எடுத்துப் பாருங்கள் என்று அண்ணன் முழங்கையை நீட்டினானாம். அவள் சிரிக்காமல் ஊசியை எடுத்தாளாம். இந்த நிகழ்ச்சியை இருவரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஊசி தோலில் பட்டதா என்பதில் இன்றுவரை தகராறு.

எட்டாம் தொட்டி அண்ணியின் பிடிவாதம். அளவில் சேராததால் தரம் பிரிக்கும்போது தள்ளப்பட்டவை, வாய்க்கால் வழியாகத் தப்பி உள்ளே வந்த ஆற்றுத் திலேப்பியாக்கள், பழைய வகையின் மிச்சம் எல்லாம் அதில் இருந்தன. அண்ணன் அதைக் கழிசல் தொட்டி என்பான். தீனிக்குத் தண்டம் என்பான். ஆனாலும் ஏழு வருஷம் அதற்குத் தினமும் தீனி போட்டவன் அவன்தான். (பேராசைக்காரன் என்று எழுதிய கையை என்ன செய்வது?)

4

நோய் ஒரு திங்கட்கிழமை தெரிந்தது. மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடின. புதன்கிழமைக்குள் தொட்டிகளின் ஓரமெல்லாம் வெள்ளை வயிறுகள். நாங்கள் கூடை கூடையாக அள்ளினோம். அள்ளிய ஒவ்வொரு கூடையையும் அண்ணன் மெதுவாகக் கீழே வைத்தான்.

வைரஸ் என்று அண்ணியின் ஆய்வுக்கூடமே உறுதி செய்தது. நோய்த் தடுப்பு அதிகாரி வந்தார். அவரையும் நான் வில்லன் ஆக்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை. மிருந்து கலந்த தண்ணீரில் ரப்பர் காலணியை இரண்டு முறை முக்கி எடுத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார். அண்ணனிடம் உத்தரவைக் கொடுக்கும்போது, உட்கார்ந்து படியுங்கள் என்றார். உயிரோடு இருப்பவை உட்பட எல்லா மீன்களையும் அழிக்க வேண்டும். தொட்டிகளைக் காய வைத்துச் சுண்ணாம்பு அடித்து அறுபது நாள் விட வேண்டும். கழிவு நீர் போகும் வாய்க்காலில் எங்களுக்குக் கீழே பதினோரு பண்ணைகள் இருந்தன. காரணம் அதுதான்.

(மேலே 'மிருந்து' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து. பிழை திருத்துவதே பிழைப்பாக இருப்பவனுக்கு இந்தப் பக்கத்தில் கண் நிற்கவில்லை. விட்டுவிடுகிறேன்.)

எட்டாம் தொட்டியில் இருநூற்றுக்கும் மேல் இருந்தன. அதிலும் செத்தன. ஆனால் வியாழக்கிழமை காலை அண்ணன் தீனி தூவியபோது தண்ணீர் கொதித்தது. மிச்சம் இருந்தவை சாப்பிட்டன.

அவன் என்னைப் பார்த்தான். பகல் ஒரு மணிக்கு, அதிகாரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நானும் அண்ணனும் எட்டாம் தொட்டியிலிருந்து அவற்றைக் கைவலையில் பிடித்து, மோட்டார் அறையில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினோம். நாற்பத்தைந்து மீன்கள். எண்ணியவன் நான்.

5

மறுநாள் காலை அண்ணி அந்தப் பக்கமாகப் போனாள். மற்ற மீன்களை அழித்துப் பம்புகளை நிறுத்திய பண்ணையில் மோட்டார் அறையிலிருந்து மட்டும் காற்று பம்பின் குமிழிச் சத்தம். கதவைத் திறந்தாள். நாங்கள் இருவரும் உள்ளேதான் இருந்தோம்.

இந்தக் காட்சியை ஐந்து முறை எழுதினேன். நான்கு வரைவுகளில் அவள் கத்தினாள். அன்று அவள் கத்தவில்லை. தொட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுது" என்றான் அண்ணன்.

"பிழைச்சதுன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. உள்ளேயே வெச்சுக்கிட்டு நீந்திட்டு இருக்கலாம். ஒரு வாளித் தண்ணி வாய்க்கால்ல போனா போதும்."

"ஏழு வருஷமா நீ தேடினது இதுதானே? கண்ணெதிர்ல நீந்துது. இதையும் கொல்லச் சொல்றியா?"

அண்ணன் வாயில் வந்ததைப் பேசுகிற ஆள் இல்லை. எங்கே தட்டினால் வலிக்கும் என்று தெரிந்தே தட்டினான். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் அவளுக்கும் அவை வேண்டும் என்றிருந்தது. என்ன வார்த்தை போட்டாலும் அதை எழுத முடியவில்லை. அவளுக்கும்—

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி பாக்கெட்டில் போட்டாள். ஆய்வுக்கூடத்திலிருந்து சாமான் எடுத்து வருவதாகவும், ஒவ்வொன்றிலும் ரத்தமும் துடுப்புத் துண்டும் எடுத்துக்கொண்டு, பிறகு மயக்க மருந்தில் தானே முடித்துவிடுவதாகவும் சொன்னாள். "வேற யாரும் செய்ய வேண்டாம்" என்றாள். போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

அந்த ஒரு மணி நேரத்தில் அண்ணன் மூடி போட்ட வாளி ஒன்றைக் கொண்டுவந்தான். கையில் கிடைத்த இரண்டை எடுத்தான் என்று முதல் வரைவில் எழுதியிருக்கிறேன். பொய். தேர்ந்தெடுத்தான். வயிற்றைத் திருப்பிப் பார்த்து ஓர் ஆண், ஒரு பெண். வாளியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய் வெறுங்கையோடு வந்தான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

அண்ணி வந்து கையுறை போட்டாள். நோட்டும் பேனாவும் என் கையில்.

"மொத்தம் எத்தனை தம்பி?"

"நாற்பத்து மூணு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் மேல் பாசம் என்று எழுதினால் நம்புவீர்கள். அண்ணியின் ஏழு வருஷத்தில் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று எழுதினாலும் நம்புவீர்கள். எனக்குத் தெரிந்து, வாய் முந்திக்கொண்டது. அவ்வளவுதான்.

பிற்பகல் முழுவதும் வேலை நடந்தது. அண்ணன் வலையில் எடுத்துக் கொடுத்தான். அவள் வாலருகே ஊசி வைத்து ரத்தம் எடுத்தாள். நான் எண் எழுதினேன். ஒவ்வொன்றையும் மயக்க மருந்துத் தண்ணீருக்குள் அவளே இறக்கினாள். நாற்பத்து மூன்றாவது முடிந்ததும் கையுறையைக் கழற்றாமலே வெளியே போய் மோட்டார் அறைச் சுவரைப் பார்த்து நின்றாள். அண்ணன் பின்னால் போகவில்லை.

6

அதற்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் நான் தபால்காரன் ஆனேன். உங்க அண்ணனுக்கு மாத்திரை வாங்கி வெச்சிருக்கேன்னு சொல்லுங்க. உங்க அண்ணிக்கிட்ட கேஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் இப்படித்தான்.

பத்து வாரம் கழித்து முடிவுகள் வந்தன. அண்ணி சாப்பாட்டு மேசையில் எனக்கு விளக்கினாள், அடுத்த அறையில் இருந்த அண்ணனுக்கும் கேட்கிற குரலில். பிழைத்த எல்லாவற்றிலும் பொதுவாக ஓர் ஏற்பி மரபணு இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாப் பண்ணைக்கும் சொல்லலாம் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்று இல்லை. இந்த மீனில் இருந்தது அந்த மீனில் இல்லை. ஒவ்வொன்றும் தன்னிடம் இருந்ததை வைத்துத் தன் வழியில் தப்பித்திருந்தது. இன்னொன்று: ஆறு மீன்களின் உடம்பில் வைரஸ் அப்படியே இருந்தது. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாமல்.

அடுத்த அறையில் நாற்காலி நகர்ந்தது.

கையேடு எழுதச் சொல்லி அவள் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு ஆறு என்ற எண் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பத்து மூன்றில் ஆறு என்றால் மீதி இரண்டில் எவ்வளவு? தெருவில் நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். இரண்டு முறை வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

7

அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது என் கடைவாய்ப் பல். கதையில் இப்படி ஒரு தற்செயலை வைத்தால் நானே மற்றவர்களின் தாளில் கேள்விக்குறி போடுவேன். என்ன செய்வது, அப்படித்தான் நடந்தது.

பல் டாக்டர் அண்ணனோடு படித்தவர். கன்னம் வீங்கி, அவருடைய காத்திருப்பு அறையில் உட்கார்ந்தேன். மூலையில் கண்ணாடித் தொட்டி. முன்பு அதில் சிவப்பும் நீலமுமாகச் சின்ன மீன்கள் இருக்கும். இப்போது உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறமாக இரண்டு. ஒன்று ஓயாமல் சுற்றியது. மற்றது மூலையில் அசையாமல், தாடை உப்பி, வாயை இறுக்க மூடியிருந்தது.

உங்க அண்ணன் கொடுத்தது என்றார் டாக்டர். மூலையில் இருப்பது ஒரு வாரமாக ஒன்றும் சாப்பிடவில்லை, அதற்கும் பல்வலியோ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். அதுவரை இரை எடுக்காது. மூன்று நாள் கழித்து வேர் சிகிச்சைக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

அண்ணனிடம் கேட்டேன். மறைக்கவில்லை. சுண்ணாம்புக் கெடு முடிந்துவிட்டது, குஞ்சு வெளியே வந்ததும் மறுபடி தொடங்கப் போவதாகச் சொன்னான். இரண்டே மீனிலிருந்து ஒரு பண்ணையா என்றேன். ஆரம்பத்தில் ஆறு தாய் மீன்தானே இருந்தது என்றான். அவன் கண்களில் பார்த்தது ஆசையும் இல்லை, தந்திரமும் இல்லை. காலையில் எழுந்தால் போய் நிற்க ஒரு தொட்டி வேண்டும் அவனுக்கு.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். நாற்பத்து மூன்று இல்லை, நாற்பத்தைந்து; மீதி இரண்டும் பல் டாக்டரின் கண்ணாடித் தொட்டியில்.

அவள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆணா, பெண்ணா?"

"ஒரு ஜோடி."

"முட்டை?"

"வாய்ல வெச்சிருக்கு."

கண்ணாடித் தகட்டை எடுத்து உறையில் வைத்தாள். பிறகு, எனக்கு அங்கே எத்தனை மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள்.

8

போவதற்கு முன்பே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் தாய் மீன் வாயைத் திறக்க, குஞ்சுகள் புகை போல வெளியே வருகின்றன, எல்லோரும் பார்க்கிறார்கள். அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே கிழித்தேன். இன்னொன்றில் பரிசோதனை செய்து பார்க்க, நோய் இல்லை என்று வருகிறது. பரீட்சைக்குப் படிக்காமலே தேறியது போல் இருந்தது. மூன்றாவதில் அதிகாரி பல்வலியோடு உள்ளே நுழைகிறார். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நடந்தது இது. நாங்கள் போனபோது அண்ணன் முன்பே வந்து தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அண்ணியின் தோளில் பை. அதில் என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். பஞ்சுக் குச்சிகளும் குழாய்களும் இருந்தன. மயக்க மருந்துப் புட்டியும் இருந்தது.

"எத்தனை நாளாச்சு?" என்று அண்ணி கேட்டாள். நேராக அவனிடம். மூன்று மாதத்தில் முதல் முறை.

"ஒன்பது."

"அப்ப இன்னிக்கோ நாளைக்கோ விட்டுடும்."

"ஆமா."

"அந்த ஆறு மாதிரி இதுவும் இருந்தா?"

"இல்லாமலும் இருக்கலாம்ல."

"இருக்கலாம். குச்சியில எடுத்துப் பார்த்தாலும் நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. அதுவே சுத்தமா இருந்தாலும் ரெண்டு மீன்ல எத்தனை விதம் இருக்கும்? மறுபடியும் அச்சடிச்ச மாதிரிதான் வரும்."

அண்ணன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எடுத்துட்டுப் போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன். ஆனா எட்டாம் தொட்டில மிச்சம் இதுதான். அது உனக்கும் தெரியும்."

அப்போது என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

கதை சொல்பவன் இருக்க வேண்டிய நேரத்தில் நான் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். மரத்துப்போன தாடை, கண்ணுக்கு மேலே விளக்கு, காதுக்குள் இயந்திரத்தின் இரைச்சல். சுவருக்கு அந்தப் பக்கம் குரல்கள் கேட்டன, வார்த்தைகள் கேட்கவில்லை. ஒரு முறை அண்ணி சிரித்தாளோ அழுதாளோ, பிரித்தறிய முடியவில்லை. கேட்கலாம் என்றால் வாய் டாக்டரின் கையில் இருந்தது. நாற்பது நிமிடம்.

இந்தப் பக்கத்தை எழுதும்போது முடிவு எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதாமல் விடுகிறேன். அண்ணி விட்டுவிட்டாள் என்று எழுதினால் அது அவளுடைய வேலைக்கு ஆபத்து. முடித்துவிட்டாள் என்று எழுதினால், அண்ணன் அதை அச்சில் ஒரு முறை படிக்க வேண்டியிருக்கும். நான் சொன்ன பொய்யை நான் எழுதலாம், அது என் பொய். இது அவர்கள் இருவருடையது.

வெளியே வந்தவுடன் கண்ணில் பட்டது வரைக்கும் சொல்கிறேன். இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். பை திறந்திருந்தது. அண்ணி ஒரு சின்னக் குழாயை முழங்காலில் வைத்து அதன் மேல் எழுதிக்கொண்டிருந்தாள். அதன் மூடியை அண்ணன் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, அவள் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். என்ன ஆச்சு என்று கேட்டேன். மரத்த வாயில் அது வேறு ஏதோவாக வந்தது.

"வலிக்குதா தம்பி?" என்றாள் அண்ணி.

தலையை ஆட்டினேன். இருவரும் நகர்ந்து இடம் விட்டார்கள். போய் உட்கார்ந்தேன். தொட்டி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீங்கள் எதிரே நிற்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். நான் திரும்பவில்லை.